எழுதுவது வலக்கை, அடிப்பது இடப்பக்கம்: ஐஸ் ஹாக்கியில் உங்கள் ஷாட் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

முதல் ஹாக்கி ஸ்டிக் வாங்கப் போகும் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "நான் வலக்கைக்காரன், அப்படியென்றால் ரைட் ஸ்டிக்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எந்தக் கையால் எழுதுகிறோம் என்பதற்கும் ஸ்டிக்கின் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது இவ்வளவு நேரடியானதல்ல. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கில் ஆடுகிறவர்களிலோ 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் லெஃப்ட் ஷாட். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த லெஃப்ட் ஷாட்காரர்களில் பெரும்பாலானோர் வலக்கையால் எழுதுகிறவர்களாகத்தான் இருக்க முடியும்.

லெஃப்ட், ரைட்: முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம்

ஷாட்டின் பெயரைக் கீழே இருக்கும் கைதான் தீர்மானிக்கிறது. இடது கை ஷாஃப்டின் (ஸ்டிக்கின் நீண்ட தண்டு) கீழ்ப்பகுதியிலும் வலது கை உச்சியிலும் இருந்து, பிளேடு (அடியில் இருக்கும் தட்டைப் பகுதி) உடம்பின் இடப்பக்கம் தரையைத் தொட்டால் அவர் லெஃப்ட் ஷாட். இதற்கு நேர்மாறு ரைட் ஷாட். இனி இந்தக் கட்டுரையில் உச்சியைப் பிடிக்கும் கையை மேல்கை என்றும் மற்றதைக் கீழ்க்கை என்றும் சொல்வோம்.

ஃபீல்டு ஹாக்கி பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். அங்கே எல்லா ஸ்டிக்கும் ஒரே மாதிரி. தட்டையான முகம் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே இடக்கைக்காரர்களும் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்தே ஆடுகிறார்கள். ஐஸ் ஹாக்கி மொழியில் சொன்னால் ஃபீல்டு ஹாக்கி உலகம் முழுவதுமே ரைட் ஷாட். ஐஸ் ஹாக்கியில் இரண்டு பக்கத்துக்கும் ஸ்டிக் உண்டு, விதி எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே இங்கே தேர்வு உங்கள் கையில்.

இரண்டு கைக்கும் என்ன வேலை?

தேர்வின் முழு தர்க்கமும் இந்த வேலைப் பிரிவினையில் இருப்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மேல்கை ஒருபோதும் ஸ்டிக்கை விடுவதில்லை. பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக வரும் ரப்பர் வட்டு) இப்படியும் அப்படியும் உருட்டும்போது பிளேடைக் கவிழ்ப்பதும் திறப்பதும் மேல்கையின் மணிக்கட்டுதான். எதிராளியின் பக்கைத் தட்டிவிட ஒற்றைக் கையை நீட்டும்போதும், ஓடிக்கொண்டே பக்கை முன்னால் தள்ளும்போதும், விழப்போகும் நேரத்தில் பக்கைக் காப்பாற்றும்போதும் ஸ்டிக்கைப் பிடித்திருப்பது அந்தக் கை மட்டுமே. நுணுக்கம் முழுக்க அங்கேதான்.

கீழ்க்கை ஒரு குழாய் மாதிரி இருக்க வேண்டும். பக்கைக் கையாளும்போது ஷாஃப்ட் அதற்குள் சுழலவும் வழுக்கவும் இடம் விட்டுத் தளர்வாகப் பிடிக்கிறது. ஷாட் அடிக்கும் கணத்தில் அதன் வேலை மாறிவிடும்: ஷாஃப்டைக் கீழ்நோக்கி அழுத்தி வளைத்து, உடம்பின் எடையை அந்த வளைவில் ஏற்றுகிறது. ஸ்டிக்கை ஓங்காமல் பக்கை இழுத்து அனுப்பும் ரிஸ்ட் ஷாட்டில் கீழ்க்கை முன்னால் தள்ள, மேல்கை பின்னால் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நெம்புகோல். ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டில் பிளேடு பக்கைத் தொடுவதற்குச் சற்று முன்பே பனியைத் தொடுகிறது. ஷாஃப்ட் அங்கே வளைந்து, நிமிரும் வேகத்தில் பக்கை அனுப்புகிறது.

பலமான கை கீழே இருந்தால் ஷாட்டுக்கு நல்லது, மேலே இருந்தால் கட்டுப்பாட்டுக்கு நல்லது என்பதுதான் பழைய வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒருவர் ஷாட் அடிக்கும் நொடிகளையும் ஸ்டிக்கால் வேறு வேலை செய்யும் நேரத்தையும் ஒப்பிட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு ஷாட்டின் பலம் புஜத்திலிருந்து வருவதைவிடக் காலிலிருந்தும் இடுப்புத் திருப்பத்திலிருந்தும் ஷாஃப்டின் வளைவிலிருந்துமே அதிகம் வருகிறது. அதனால் எங்கள் சாய்வு வெளிப்படை: உடம்பு வேறு மாதிரி வற்புறுத்தாத வரை, திறமையான கை மேலே.

கிரிக்கெட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, திறமையான கையை மட்டைப்பிடியின் மேற்பகுதியில் வைத்து ஆடுகிறவர்களின் விகிதம் புதியவர்களிடையே இருப்பதைவிடத் தொழில்முறை பேட்ஸ்மேன்களிடையே பல மடங்கு அதிகம் என்று காட்டியது. வலக்கையால் எழுதி இடது கை ஆட்டக்காரராக ஜொலித்தவர் சௌரவ் கங்குலி. இடக்கையால் எழுதி வலது கை ஆட்டக்காரராக நின்றவர் சச்சின் டெண்டுல்கர். இருவருக்கும் மேல்கைதான் எழுதும் கை.

கனடாவில் லெஃப்ட் ஸ்டிக் அதிகம் விற்கிறது, அமெரிக்காவில் ரைட் ஸ்டிக். கனடாக் குழந்தைகள் மிகச் சிறு வயதிலேயே ஸ்டிக்கைத் தொட்டுவிடுகிறார்கள், அமெரிக்கக் குழந்தைகள் பேஸ்பால் மட்டையைப் பிடித்துப் பழகிய பிறகு வருகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மரபணுவைவிட முதலில் கையில் கிடைத்த கம்புக்குச் செல்வாக்கு அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதனால்தான் சோதனையைக் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

படி 1: வளைவில்லாத கம்பு

வளைந்த பிளேடு உள்ள ஸ்டிக்கைக் கொடுத்து "எந்தப் பக்கம் வருகிறது பார்" என்று கேட்டால், அந்த ஸ்டிக்கே பதிலைச் சொல்லிவிடும். லெஃப்ட் ஸ்டிக்கை ரைட் பக்கம் பிடித்தால் பந்து குவிந்த முகத்தில் பட்டு நழுவும், உடனே ஆள் கையை மாற்றிக்கொள்வார். எனவே நெஞ்சு உயரமுள்ள துடைப்பக் கம்போ தரை துடைக்கும் மாப்போ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு டென்னிஸ் பந்து.

கம்பைக் கையில் நீட்டாதீர்கள். நீட்டும் பக்கத்துக்கு அருகில் உள்ள கை முதலில் பிடித்துவிடும், சோதனை கெட்டுவிடும். ஆளுக்கு எதிரே, அவர் பார்க்கும் திசைக்கு நேராகக் கம்பைத் தரையில் கிடத்துங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று பந்தை உருட்டிவிட்டு, "எடுத்துத் திருப்பித் தள்ளு" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தக் கை கீழே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 5 தடவை, இரண்டு நாள் கழித்து இன்னும் 5 தடவை. பத்தில் 8 அல்லது அதற்கு மேல் ஒரே பக்கம் வந்தால் உடம்பு தெளிவாகப் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 6-4 என்று வந்தால் இந்தச் சோதனைக்குப் பதில் இல்லை. அதுவும் ஒரு தகவல்தான்.

பெரியவர்களிடம் இந்தச் சோதனையைச் சொல்லாமல் செய்வது நல்லது. எதற்காக என்று தெரிந்துவிட்டால் யோசித்துப் பிடிப்பார்கள்.

படி 2: ஒற்றைக் கை

இதுதான் இந்தப் படிகளில் அதிகம் சொல்லித் தருவது. பலர் செய்யாமல் விடுவதும் இதையே. கம்பின் உச்சியை ஒரே கையால் பிடித்து, முழங்காலை மடக்கி, பந்தைத் தரையில் நெருக்கமாக இடவலமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். 60 செ.மீ. இடைவெளியில் ஐந்து பொருள்களை வரிசையாக வைத்து, வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. நேரத்தையும் பந்து கைவிட்டுப் போன தடவைகளையும் எழுதுங்கள்.

பிறகு தரையில் ஒரு சிறு குறி வைத்து, கையை முழுதாக நீட்டிக் கம்பின் நுனியால் அதைத் தொடச் சொல்லுங்கள், கைக்குப் பத்து தடவை. எதிராளியின் பக்கைத் தட்டிப் பறிக்கும் அசைவு இதுதான். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: திறமையில்லாத கையில் நுனி குறியைத் தாண்டிப் போகும் அல்லது நடுங்கும்.

நன்றாகச் செய்த கையை மேல்கைக்கான முதல் வேட்பாளராகக் கொள்ளுங்கள்.

படி 3: இரு பக்கமும் 20 ஷாட்

ஒரே நீளம், ஒரே விறைப்புள்ள லெஃப்ட் ஸ்டிக் ஒன்றும் ரைட் ஸ்டிக் ஒன்றும் இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தட்டையான பிளேடு உள்ள தெரு ஹாக்கி ஸ்டிக் ஒன்று போதும். சுவரில் அரை மீட்டர் சதுரம் வரைந்து, 5 மீட்டர் தூரத்திலிருந்து பந்தைத் தரையோடு இழுத்து அனுப்பும் ஷாட் பக்கத்துக்கு 20. சதுரத்துக்குள் விழுந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பலமான கை கீழே இருக்கும் பக்கம் முதல் நாளிலேயே "சூப்பராக அடிக்கிறேன்" என்று தோன்றும். ஸ்டிக்கை வளைத்து அடிக்கத் தெரியாதவர் புஜத்தால் தள்ளுவதால் வரும் உணர்வு அது. நுட்பம் வந்தபின் இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும்.

படி 4: முடிவெடுப்பது

முதல் இரண்டு படிகளும் ஒரே பக்கத்தைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். முதல் படியில் தெளிவில்லையென்றால் இரண்டாம் படி சொல்வதைக் கேளுங்கள். சிக்கல் இரண்டும் முரண்படும்போதுதான்.

சிறு குழந்தை, உடம்பு பத்தில் எட்டு தடவை ஒரு பக்கம் போகிறது, ஒற்றைக் கை மறுபக்கத்தைக் காட்டுகிறது என்றால் குழந்தையின் விருப்பத்துக்கே விடுங்கள். பிடிக்காத பக்கத்தில் நிற்கவைத்தால் ஸ்டிக்கையே வெறுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் கிரிக்கெட், கோல்ஃப், பேஸ்பால் ஆடிவிட்டு வரும் பெரியவருக்கு இடுப்புத் திருப்பம் ஒரு திசையில் ஊறிப்போயிருக்கும். பொழுதுபோக்காக ஆடுவதென்றால் அந்தத் திசையிலேயே தொடங்குவது மகிழ்ச்சியை விரைவில் தரும். ஒற்றைக் கைச் சோதனையில் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் மறுபக்கத்தை ஒரு மாதம் முயன்று பாருங்கள். ஃபீல்டு ஹாக்கியிலிருந்து வருகிறவர் யோசிக்கவே வேண்டாம்: ரைட் ஷாட். ரிவர்ஸ் பக்கம் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பி அவருடைய இடது மணிக்கட்டு மேல்கை வேலையை ஏற்கெனவே கற்றிருக்கிறது.

மணிக்கட்டில் பழைய காயம் இருந்து சுழற்றும்போது வலித்தால் அந்தக் கையை மேலே வைக்காதீர்கள். எந்தக் கண் முன்னிலை என்ற கேள்விக்கு இந்தத் தேர்வில் நாங்கள் எடை கொடுப்பதில்லை.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அதே தர்க்கப்படி இடது கை மேலே போனால் நீங்கள் ரைட் ஷாட். கடையில் "நீங்கள் இடக்கையா, இதோ லெஃப்ட் ஸ்டிக்" என்று நீட்டினால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

படி 5: ஸ்டிக் வாங்கும்போது

ஷாஃப்டில் எல், ஆர் எழுத்து அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் ஸ்டிக்கைத் தரையில் நிறுத்தி, பிளேடின் நுனி உங்களுக்கு முன்னால் நீளும்படி பிடியுங்கள். நுனி வலப்பக்கம் வளைந்தால் அது லெஃப்ட் ஸ்டிக். இடப்பக்கம் வளைந்தால் ரைட். தலைகீழாகத் தோன்றும், ஆனால் உடம்பின் இடப்பக்கம் இருக்கும் பக்கை வலது நோக்கி அள்ள வேண்டும் என்று யோசித்தால் புரிந்துவிடும். முதல் ஸ்டிக்கில் வளைவு குறைவாக இருக்கட்டும். அதிக வளைவு பேக்ஹேண்டைக் (பிளேடின் பின்முகத்தால் ஆடுவது; முன்முகத்தால் ஆடுவது ஃபோர்ஹேண்ட்) கெடுக்கும். என்ஹெச்எல் விதிப்படி அதிகபட்சம் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ.

நீளத்தைப் பொறுத்தவரை, வெறுங்காலில் நின்றால் ஸ்டிக்கின் உச்சி மூக்குவரை, ஸ்கேட் போட்டு நின்றால் தாடைவரை வர வேண்டும். நீளமாக இருந்தால் ரம்பத்தால் வெட்டலாம், ஆனால் ஒரு தடவைக்கு 1 செ.மீ. மட்டும். வெட்ட வெட்ட ஷாஃப்ட் விறைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

விறைப்பு எண் என்பது ஷாஃப்டை ஒரு அங்குலம் வளைக்கத் தேவையான பவுண்டு எடை. பவுண்டில் உங்கள் எடையில் பாதி என்பது பொது விதி. கிலோவில் கணக்கிட எளிய வழி: எடையோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 60 கிலோவுக்கு 66 வரும், அதற்கு அருகில் உள்ள எண்ணை எடுங்கள். புதியவர்கள் இன்னும் சற்றுக் குறைவாகவே எடுக்கலாம். வளையாத ஸ்டிக் எந்தக் கை கீழே இருந்தாலும் ஷாட்டைக் கொன்றுவிடும்.

பிடிக்கும் முறை: மேல்கை உச்சியை முழுதாக மூடியிருக்க வேண்டும், அதற்கு மேலே கம்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீழ்க்கை அதிலிருந்து ஏறக்குறைய ஒரு முன்கை நீளம் கீழே. ஷாட்டுக்கு அது இன்னும் கீழே இறங்கும், முடிந்ததும் மேலே வந்துவிட வேண்டும். புதியவர்கள் இறக்கிய கையை அங்கேயே விட்டுவிடுவதால்தான் பக்கைக் கையாளும்போது முதுகு குனிந்துபோகிறது.

பக்கம் தவறா, ஸ்டிக் தவறா?

சில வாரங்கள் ஆடியும் பக் ஒட்டவே இல்லை என்றால் உடனே பக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பிளேடின் அடியில் சுற்றிய டேப்பைப் பாருங்கள். நுனிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் லை என்று சொல்லும், ஷாஃப்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான கோண எண் உங்களுக்குக் குறைவு. குதிப்பக்கம் (ஷாஃப்டோடு சேரும் பக்கம்) மட்டும் தேய்ந்திருந்தால் இதற்கு எதிர்: லை எண் அதிகம். பொதுவான லை எண்கள் 4 முதல் 6 வரை; எண் கூடக் கூட ஷாஃப்ட் நிமிர்ந்து நிற்கும். டேப் நடுவில் சீராகத் தேயும்வரை இந்தக் குறையைச் சரிசெய்யுங்கள்.

அதன் பிறகும் கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். மேல்கை வலிக்கும் அளவு இறுக்கிப் பிடிக்கிறது, ஆனாலும் பிளேடு கவிழவில்லை. எல்லா அசைவையும் கீழ்க்கையே செய்கிறது, மேல்கை வயிற்றோடு ஒட்டிக்கிடக்கிறது. ஒற்றைக் கையால் நீட்ட வேண்டிய தருணத்தில் ஆள் தன்னையறியாமல் கீழ்க்கையால் நீட்டுகிறார். இந்தக் கடைசி அறிகுறியை நாங்கள் மற்ற இரண்டையும்விட அதிகம் நம்புகிறோம். கீழ்க்கை ஷாஃப்டின் நடுவில் இருப்பதால் எட்டும் தூரம் பெரிதும் குறைந்துவிடும், இருந்தும் உடம்பு அதைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்றால் மேல்கையை அது நம்பவில்லை.

மாற்றுவதென்றால்

பனியில் தொடங்காதீர்கள். ஸ்கேட்டிங்கும் புதுப் பிடியும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் கெடும். முதல் இரண்டு வாரம் வீட்டுத் தரையில் நாளுக்கு 15 நிமிடம்: முதல் 5 நிமிடம் மேல்கை மட்டும், அடுத்த 10 நிமிடம் இரண்டு கையும், கீழ்க்கை குழாயாக. ஷாட் கிடையாது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் நின்ற இடத்தில் பாஸ் கொடுப்பதும் வாங்குவதும், பிறகு ரிஸ்ட் ஷாட். ஸ்லாப் ஷாட் கடைசியில். பயிற்சிக்குப் புதுப் பக்கம், ஆட்டத்துக்குப் பழைய பக்கம் என்று கலந்து ஆடினால் மாற்றம் முடியவே முடியாது.

இதில் ஒரு சின்னப் பரிசும் இருக்கிறது: புதுப் பக்கத்தின் பேக்ஹேண்டில் உடம்பு திரும்பும் திசை, பழைய பக்கத்தின் ஃபோர்ஹேண்டின் திசையேதான். அதனால் பேக்ஹேண்ட் எதிர்பாராத வேகத்தில் கைகூடும்.

இரண்டு பக்கமும் ஆடலாமே என்று கேட்கிறவர்கள் பழைய என்ஹெச்எல் நட்சத்திரம் கார்டி ஹோவைச் சொல்வார்கள். அவர் கை மாற்றி அடித்தது உண்மை, ஆனால் அது தட்டை பிளேடு காலம். 1960களில் வளைந்த பிளேடு பரவிய பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

பக்கம் எந்த இடத்துக்குக் கொண்டுபோகும்

டிஃபென்ஸில் லெஃப்ட் ஷாட் இடப்பக்கமும் ரைட் ஷாட் வலப்பக்கமும் நிற்பது வழக்கம்; மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் வரும் பக்கை ஃபோர்ஹேண்டில் எடுக்கலாம். ரைட் ஷாட் டிஃபென்ஸ்காரர்கள் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு மவுசு அதிகம். அதற்காகக் குழந்தையை ரைட் ஷாட்டாக மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள், இது வீண் வேலை. லெஃப்ட் ஷாட்டான என்ஹெச்எல் நட்சத்திரம் பாபி ஆர் வலப்பக்க டிஃபென்ஸில்தான் ஆடினார்.

விங்கில் (முன்வரிசையின் ஓரத்தில்) எதிர்ப்பக்கம் நிற்பதற்கும் காரணம் உண்டு. ரைட் ஷாட் இடப்பக்கம் நின்றால் அவருடைய பிளேடு மைதான நடுவை நோக்கி இருக்கும். கோல் விரிந்து தெரியும், வரும் பாஸை நிறுத்தாமலே அடிக்கலாம். என்ஹெச்எல் நட்சத்திரம் அலெக்சாண்டர் ஒவெச்கின் எதிரணிக் கோலருகே உள்ள இடது ஃபேஸ்-ஆஃப் வட்டத்திலிருந்து அடிக்கும் ஷாட் இதன் பாடநூல் வடிவம். விலை என்னவென்றால், தன் எல்லையிலிருந்து பலகையோரம் வரும் பாஸைப் பேக்ஹேண்டில் வாங்க வேண்டும். ஃபேஸ்-ஆஃபில் (நடுவர் பக்கைப் போட, இருவர் அதற்குப் போட்டியிடும் தொடக்கம்) பேக்ஹேண்டால் பின்னுக்கு இழுப்பது வலுவான அசைவு. அதனால் லெஃப்ட் ஷாட் சென்டருக்கு (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) தன் எல்லையின் இடது வட்டம் வசதி: பக் கோலிலிருந்து விலகிப் பலகைப் பக்கம் போகும்.

கோல்கீப்பருக்குத் தனிக் கணக்கு

கோலியின், அதாவது கோல்கீப்பரின், தேர்வு ஷாட்டில் தொடங்குவதில்லை, பந்து பிடிக்கும் கையில் தொடங்குகிறது. வலக்கையால் எறிகிறவர் பெரும்பாலும் இடது கையால் பிடிப்பார், எனவே இடது கையில் கேட்ச் கையுறை, வலது கையில் பிளாக்கரும் (பக்கைத் தடுக்கும் தட்டைப் பலகையுள்ள கையுறை) ஸ்டிக்கும். ரெகுலர் என்று எழுதியிருப்பது இந்த அமைப்பு. இவர் பக்கைத் தூக்கி அனுப்பும்போது பிளாக்கர் கை உச்சிக்குப் போகும், கையுறைக் கை கீழே வரும். ஆக ரெகுலர் கோலி லெஃப்ட் ஷாட்டாகத்தான் அடிப்பார். ரைட் ஷாட்டாகப் பழகிய ஒருவர் கோலுக்குப் போகும்போது இங்கேதான் முட்டும். அவருக்கு இரண்டு வழி: ரெகுலர் அமைப்பிலேயே இருந்து லெஃப்ட் ஷாட் பழகுவது, அல்லது வலது கையில் கேட்ச் கையுறை போடுவது. பக்கை அனுப்புவதைவிடப் பிடிப்பதே கோலியின் முதல் வேலை என்பதால் நன்றாகப் பிடிக்கும் கைக்கே கையுறை போக வேண்டும். கையுறை, பிளாக்கர், ஸ்டிக் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் மூன்றும் ஒரே அமைப்புக்கானவைதானா என்று பணம் கொடுப்பதற்கு முன் போட்டுப் பார்த்துவிடுங்கள்.